கண்மாய் மீனில் பாதரசம்: சோதனைக்கு மாதிரி எடுப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் காய்ந்து மழையில் நிரம்புபவை. மூழ்கிய புல்லும் சருகும் அழுகும் சேற்றில், காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா பாதரசத்தை, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக்கும். புதிதாக நீர் தேக்கிய மின் அணைகளிலும் இதுவே நடக்கிறது. தண்ணீரை மட்டும் சோதித்து நிம்மதியடையாதீர்கள். நீரில் நானோகிராம் (கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் இருப்பது மீனில் லட்சக்கணக்கான மடங்கு சேரலாம்.

பெரிய விராலைக் கட்டாயம் எடுங்கள். சிறுமீன்களைத் தின்பதால் அதில்தான் அதிகம் தேங்கும். ஒன்று போதாது, வெவ்வேறு அளவில் ஐந்தாறு வேண்டும். நீளம், எடை குறித்துவிட்டு, சுத்தமான எவர்சில்வர் கத்தியால் முதுகுச் சதையைத் தோலின்றி 50 கிராம் வெட்டுங்கள். குடல் பட்டால் மாதிரி கெடும். புதுப் பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் பெட்டியில் அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், தாமதமானால் உறையவையுங்கள்.

குழம்பில் எவ்வளவு கொதித்தாலும் மீனிலுள்ள பாதரசம் போகாது, சதைப் புரதத்தோடு பிணைந்திருக்கும். முடிவு வரும்வரை கர்ப்பிணிகளுக்குப் பெரிய விரால் வேண்டாம்.