வலை வரைபடத்தில் டைல்கள் கலைந்து வருகின்றனவா? எப்படிக் கலைந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள்

சொந்தமாக வெட்டிய டைல்களை, அதாவது பெரிய படத்தின் சின்னச் சதுரத் துண்டுகளை, லீஃப்லெட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வரைபட நூலகத்தில் முதன்முதலாக ஏற்றும்போது படம் வந்துவிடும், ஆனால் கலைந்து வரும். உடனே கண்ணில் படும் அமைப்பையெல்லாம் மாற்றிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். நான் அப்படி ஒரு நாள் முழுக்க எல்லை ஆயங்களை மாற்றிக்கொண்டே இருந்தேன், கடைசியில் பிழை வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பிழைக்கும் ஓர் அடையாளம் உண்டு, அதைப் பிடித்துவிட்டால் திருத்துவது பெரும்பாலும் ஒரு வரி வேலைதான்.

முதலில் கட்டம் வரையுங்கள்

லீஃப்லெட்டில் கிரிட்லேயர் என்று, டைல் கட்டங்களை அடுக்கும் ஒரு லேயர் இருக்கிறது. அதில் டைல் உருவாக்கும் ஃபங்ஷனை நீங்களே எழுதி, ஒவ்வொரு டைலும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டி போட்டு, உள்ளே அதன் ஜூம், எக்ஸ், ஒய் எண்களை எழுத வையுங்கள். பத்து வரிகூட வராது. இதை உங்கள் படத்தின் மேல் போட்டுவிட்டு, பிரவுசரின் நெட்வொர்க் பக்கத்தில் எந்தெந்த டைல் கேட்கப்படுகிறது, எது 404 என்று திரும்புகிறது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

வரிசைகள் தலைகீழா?

ஒவ்வொரு டைலின் உள்ளேயும் படம் நேராக இருக்கிறது, ஆனால் மேலே வர வேண்டிய வரிசை கீழே வருகிறது. ஜூம் 0-ல் எல்லாம் சரி, 1-க்குப் போனதும் உடைகிறது என்றால் இதுதான் காரணம். டிஎம்எஸ் என்ற டைல் எண்ணிடும் முறையில் ஒய் எண் கீழிருந்து மேலே எண்ணப்படும், லீஃப்லெட் எதிர்பார்ப்பதோ மேலிருந்து கீழே. ஜூம் 3-ல் மொத்தம் 8 வரிசைகள், எண்கள் 0 முதல் 7 வரை. ஆக ஒன்றில் 2 என்பது மற்றதில் 5.

படத்தை டைல்களாக வெட்டும் ஜிடால்டுடைல்ஸ் கருவி இயல்பாகவே டிஎம்எஸ் முறையில்தான் வெட்டும். ஒன்று, லேயரில் டிஎம்எஸ் அமைப்பை ட்ரூ என்று வையுங்கள். இல்லையென்றால் அந்தக் கருவி அடங்கிய ஜிடால் தொகுப்பின் 3.1 பதிப்பிலிருந்து கிடைக்கும் எக்ஸ்ஒய்இசட் தெரிவைக் கொடுத்து மறுபடி வெட்டுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மறுபடி தலைகீழாகிவிடும்.

மூலைவிட்டத்தின் குறுக்கே இடம் மாறியது போலத் தெரிந்தால் எக்ஸும் ஒய்யும் முகவரியில் மாறியிருக்கின்றன. ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் சர்வர்களில் டைல் முகவரியில் ஒய்தான் முன்னால் வரும், அதனால் அங்கிருந்து எடுக்கும்போது இது அடிக்கடி நடக்கும்.

டைல்கள் ஒட்டுகின்றன, ஆனால் மார்க்கர் பொருந்தவில்லை

நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஏறக்குறைய பொருந்தி, வடக்கிலோ தெற்கிலோ போகப் போக விலகல் கூடினால் அது புராஜெக்ஷன் சிக்கல், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் முறை ஒத்துப்போகவில்லை. உங்கள் படம் 4326-ல் (அட்ச, தீர்க்க ரேகை டிகிரி ஆயமுறை) இருக்கிறது, வரைபடம் 3857-ல் (வலை வரைபடங்களின் மெர்கேட்டர் முறை) ஓடுகிறது. 60 டிகிரி அட்சரேகையில் மெர்கேட்டர் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், அதனால் படத்தை நகர்த்தி இதைச் சரிசெய்யவே முடியாது. வெட்டும் முன் அதே ஜிடால் தொகுப்பின் ஜிடால்வார்ப் கருவி கொண்டு 3857-க்கு மாற்றிவிடுங்கள்.

படம் எல்லா இடத்திலும் சரியாக இரு மடங்கு பெரிதாக இருந்தால் டைல் அளவை 512 என்று வைத்துவிட்டு ஜூம் ஆஃப்செட்டை -1 ஆக்க மறந்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

ஓரத்து டைல் மட்டும் இழுபட்டுத் தெரிகிறதா?

பூமியோடு தொடர்பில்லாத படத்தை, அதாவது ஒரு கட்டட வரைபடத்தையோ விளையாட்டு உலகத்தையோ, லீஃப்லெட்டின் சிம்பிள் ஆயமுறையில் (அட்ச, தீர்க்க ரேகை இல்லாத வெறும் தட்டை ஆயமுறை) காட்டுபவர்களுக்கு இது. 5000க்கு 3000 பிக்சல் படம் என்று வைத்துக்கொள்வோம். 256 வீதம் வெட்டினால் 19 டைல் போக 136 பிக்சல் மிச்சம். சில கருவிகள் அதை 136 அகலத்திலேயே சேமித்துவிடும், லீஃப்லெட் அதையும் 256-க்கு இழுத்துக் காட்டும். சரி, 5120 ஆக நீட்டிவிட்டால் போதுமா என்றால், போதாது: ஜூம் குறையும்போது 2560, 1280, 640 என்று பாதி பாதியாகப் போகும், 640-ல் மறுபடி அரை டைல் மிச்சம் வரும். படத்தை மேல் இடது மூலையில் வைத்து, மற்ற இடத்தை வெறுமையாக விட்டு 8192க்கு 8192 கேன்வாஸ் ஆக்குங்கள். 0 முதல் 5 வரை எல்லா ஜூமிலும் முழு டைல்கள்தான் வரும். அப்புறம் மார்க்கர் வைக்கும்போது, பிக்சல் எண்களை ஜூம் 5-ஐக் கொடுத்து லீஃப்லெட்டின் அன்புராஜெக்ட் ஃபங்ஷன் மூலம் வரைபட ஆயங்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தாறுமாறாகச் சிதறினால்

எந்த ஒழுங்கும் இல்லாமல் துண்டுகள் சிதறினால் எண்களில் தேடாதீர்கள், லீஃப்லெட்டின் சிஎஸ்எஸ் கோப்பு ஏறவில்லை. டைல்களுக்கு இடையே சீரான இடைவெளி இருந்தால், உங்கள் தளத்தின் சிஎஸ்எஸ் எல்லாப் படங்களுக்கும் பேடிங்கோ பார்டரோ கொடுத்திருக்கிறதா பாருங்கள். மறைந்திருந்த டேபைத் திறந்ததும் ஒரு மூலையில் மட்டும் டைல்கள் வந்து மீதி சாம்பலாக இருந்தால், டேப் திறந்த பிறகு, வரைபடத்தின் அளவை மறுபடி கணக்கிடும் இன்வேலிடேட்சைஸ் ஃபங்ஷனை அழையுங்கள்.

டைல்களை மறுபடி வெட்டிய ஒவ்வொரு முறையும் பழைய ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு, நெட்வொர்க் பக்கத்தில் கேஷை அணைத்துவிட்டுப் பாருங்கள். பழைய டைலும் புதிய டைலும் கலந்து வந்தால், சரியாகத் திருத்திய பிறகும் வரைபடம் உடைந்தே தெரியும்.