ஒரு கூட்டும் ஒரு ஜெர்மன் சொல்லும்

ஜெர்மனிக்கு வந்தவர்கள் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு பற்றியெல்லாம் அலுவலகத்திலோ கல்லூரியிலோ சொல்லிவிடுவார்கள். யாரும் சொல்லித்தராதது பூசணி விஷயம்தான்.

செப்டம்பர், அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டைத் தாண்டிக் கிராமத்துப் பக்கம் போனால் சாலையோரம் ஒரு மேசை, அதில் விதவிதமான காய்கள், பக்கத்தில் காசுப் பெட்டி. ஆள் இருக்க மாட்டார். வந்த முதல் வருடம் அப்படியொரு மேசையில் பச்சையும் மஞ்சளுமாக, கழுத்து வளைந்து, அசல் சுரைப்பிஞ்சு மாதிரியே நாலு காய் கிடந்தன. அட்டையில் 'ட்சியர்க்யூர்பிஸ்' என்று எழுதியிருந்தது. க்யூர்பிஸ் என்றால் பூசணி என்ற அளவுக்கு எனக்கு ஜெர்மன் தெரியும். முன்னால் ஒட்டியிருந்த 'ட்சியர்' யார் கண்ணில் பட்டது?

தோல் கட்டை மாதிரி, கத்தி இறங்கவே இல்லை. எப்படியோ நறுக்கி, பாசிப்பருப்பு போட்டு, தேங்காய் சீரகம் அரைத்து ஊற்றிக் கூட்டு வைத்தேன். வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து! அறைத்தோழன் "வெல்லம் போட்டா சரியாயிடும்டா" என்றான். அந்தத் தேங்காய்க்காக எஸ்-பான் ரயில் ஏறிப் போய் வந்த கடுப்பில் நான் இரண்டு வாய் தின்றேன். அவன் ஒரு தட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே கழிப்பறைக்கு இரண்டு பேர்.

ட்சியர் என்றால் அலங்காரமாம். அழகுக்கு வைக்கிற காய். அதிலுள்ள குகுர்பிட்டசின் என்ற நஞ்சு வேகவைத்தாலும் போகாது, வெல்லத்துக்கும் அடங்காது. 2015இல் இங்கேயே தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியை (வெள்ளரி மாதிரி இருக்கிற பூசணி இனக் காய்) சாப்பிட்டு ஒரு முதியவர் இறந்திருக்கிறார். வயிறு புரட்டினால் எங்களைப் போல விடியும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். 116117க்குக் கூப்பிட்டால் ராத்திரியிலும் மருத்துவ உதவி உண்டு. ரொம்ப மோசமென்றால் அவசர எண் 112.

ஊரில் அம்மா சுரைக்காய் நறுக்கினால் முதல் துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் சட்டியில் போட மாட்டாள். இருபது வருடம் அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

சரி, எதை வாங்குவது? பட்டர்நட் பூசணிதான் நம்ம பரங்கிக்கு நெருங்கிய சொந்தம், புளிக்குழம்புக்கு அதுவே. ஆரஞ்சு நிற ஹொக்கைடோவுக்குத் தோல் சீவ வேண்டாம், ஆனால் சாம்பாரில் கரைந்துவிடும். ஸ்பகெட்டிப் பூசணி நூல் நூலாகப் பிரியும், குழம்புக்கு ஆகாது. சுக்கினி கூட்டுக்குச் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள்.

நல்ல பரங்கிக்கீற்று இலங்கைத் தமிழர் கடையில் கிடைக்கும். அங்கே அதற்குப் பெயர் பூசணி. மோர்க்குழம்புக்கு வெள்ளைப் பூசணி வேண்டுமென்றால் "அண்ணா, நீற்றுப்பூசணி இருக்கா?" என்று கேளுங்கள். நான் வெறும் பூசணி என்று கேட்டு, அன்றைக்கும் பரங்கியோடுதான் வீடு வந்தேன்.