எடை குறைப்பில் ஊக்கம் தளராமலும், அதுவே கதியென்று ஆகாமலும் இருப்பது எப்படி?

எடையைக் குறைக்கத் தொடங்கும் பலருக்கு முதல் வாரத்திலேயே ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கிவிடுகிறது. மூன்றாம் வாரத்தில் எடை மெஷின் அதே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. சிலர் எல்லாவற்றையும் விட்டுவிடுவதும், வேறு சிலர் இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு நாளுக்கு நான்கு முறை மெஷினில் ஏறி நிற்பதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஆகவே அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஈரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாக மாற்றி அரை கிலோ அளவுக்குச் சேமித்து வைத்திருக்கின்றன; அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சோற்றைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்பும் அதனோடு உள்ள தண்ணீரும்தான். ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை ஏற்பட வேண்டும். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தாலும் அதற்குப் பதினைந்து நாள் பிடிக்கும். அதேபோல, ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுத் திங்கள் காலை ஒரு கிலோ கூடியிருந்தால், அதில் பெரும்பகுதி உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீரே. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் பெண்களுக்கு இவ்வாறு நீர் தங்கும்.

எனவே வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து எதுவும் சாப்பிடும் முன் எடை பார்த்தால் போதும். மாதத்தின் நான்கு அளவுகளையும் கூட்டிச் சராசரி எடுத்துச் சென்ற மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள். கூடவே ஒரு தையல் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றளவை எடுக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பது எச்சரிக்கை எல்லை. 80 கிலோ உள்ளவர் நான்கு கிலோ, அதாவது 5 சதவீதம் குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் பலன் தெரியத் தொடங்கும் என்பதால், கல்யாண வயதில் இருந்த எடைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

உணவே நினைப்பாகிப்போவதற்கு மன உறுதிக் குறைவுதான் காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 45 ஆண்டுகளில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 ஆண்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதி உணவே கொடுக்கப்பட்டது. அவர்கள் மெலிந்ததோடு நிற்கவில்லை. நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிச்சலும் சோர்வும் அடைந்தார்கள். மிகையான பட்டினியே அந்த வெறியை உண்டாக்கியது. வாரத்துக்கு அரை கிலோ குறைவதே பெரிது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

உணவை வீட்டுச் சமையலுக்குள்ளேயே மாற்றுங்கள். ஊரெல்லாம் ஓட்ஸ் சாப்பிடுகிறது என்பதற்காகத் தனி அடுப்பு மூட்டினால் அது ஒரு மாதம்கூட நிலைக்காது. சென்னைக் காசிமேட்டு மீன் சந்தையில் வஞ்சிரம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. விலை குறைந்த மத்தியிலும் காணாங்கெளுத்தியிலும் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் கிடைக்கிறது. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பிலோ, தோசைக்கல்லில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டோ செய்து, தட்டில் ஒரு துண்டு கூடவும் சோறு ஒரு கரண்டி குறையவும் வைத்துக்கொண்டால் பசி தாங்கும். டீயையும் கவனியுங்கள். ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ கடையில் நின்று வேலை பார்ப்பவர் நாளுக்கு ஐந்து டீ குடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இருந்தால், அது மட்டுமே சுமார் 200 கலோரி. “அண்ணா, சக்கரை கம்மியா ஒரு டீ” என்று கேட்கப் பழகினாலே பாதி குறைந்துவிடும்.

நடைக்கு இலக்கு வைக்கும்போது, ஒருநாளும் விடாமல் என்று வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தெருவில் தண்ணீர் நின்றால் அந்தத் தொடர் அறுந்துதான் போகும், அதோடு மனமும் விட்டுப்போகும். மாதத்துக்கு இருபது நாள், நாளுக்கு முப்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மழை நாட்கள் அதற்குள் அடங்கிவிடும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டெய்னர் லாரிகளுக்கும் தூசிக்கும் நடுவே நடப்பதைவிட, ராயபுரம் ராபின்சன் பூங்காவோ, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்காவோ, சொந்த மொட்டை மாடியோ எவ்வளவோ மேல்.

உடம்பு சற்று இளைத்ததும் தெருவில் “இன்னா இப்படி எளைச்சுட்ட, சுகரா?” என்று கேட்பார்கள், இளைக்காவிட்டால் “இன்னும் அப்டியேதான் கீற” என்பார்கள். அக்கறையில் கேட்பவர்களே அதிகம் என்றாலும், அந்தப் பேச்சை வைத்து அன்றைய சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். “நல்லாத்தான் இருக்கேன்க்கா” என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் உணவைக் குறைக்கவே கூடாது. இரத்தச் சர்க்கரை சட்டென்று தாழ்ந்து மயக்கம் வரலாம். பிரியாணிக்குப் பயந்து உறவினர் கல்யாணத்தைத் தவிர்ப்பது, ஒரு வடை சாப்பிட்டதற்குத் தண்டனையாக இரண்டு மணி நேரம் நடப்பது, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, மாதவிடாய் நின்றுபோவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எடை குறைப்பை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை) எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.