புல்லட் கணக்கு: ஜாம்பி விளையாட்டில் நாலு பேருக்கு ஒரு கணக்குப்பிள்ளை

எங்கள் நாலு பேர் கூட்டத்தில் எனக்குப் பெயர் கணக்குப்பிள்ளை. சுடுவதில் நான் சுமார்தான். ஆனால் யாரிடம் எத்தனை புல்லட் இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன். இந்தப் பட்டம் ஒரு தோல்வியில் வந்தது.

நோ மோர் ரூம் இன் ஹெல் ஆடிக்கொண்டிருந்தோம். 2011-இல் வந்த இலவசக் கணினி விளையாட்டு. அதில் மேகசினில், அதாவது துப்பாக்கிக்குள் இருக்கும் தோட்டா அறையில், எத்தனை மிச்சம் என்று திரையில் எண் காட்டாது. ரீலோட் (தோட்டாவை மறுபடி நிரப்பும்) பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் கையில் இருப்பது தெரியும். கடைசி அறையில் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். ஷாட்கன்காரனிடம் ஒரு ஷெல்கூட (ஷாட்கன் தோட்டா) இல்லை, இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருக்கிறான். கதவு உடைந்தது, எல்லோரும் செத்தோம். அப்புறம் இன்னொருவன் நிதானமாகச் சொன்னான்: "டேய், என்கிட்ட இருபது ஷாட்கன் ஷெல் இருந்துச்சே." அவனிடம் ஷாட்கன் கிடையாது. தரையில் கிடந்தது, எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் முதல் விதி: உன் துப்பாக்கிக்குச் சேராத புல்லட்டை நீ எடுத்தால், அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எடுப்பது தப்பில்லை. வழியில் விட்டுவிட்டுப் போவதைவிட ஒருவன் சுமந்து வருவது நல்லதுதான். சொல்லாமல் சுமப்பதுதான் தப்பு.

அடுத்தது, எண்ணைச் சொல்வது. "புல்லட் கம்மியா இருக்கு" என்பது ஒரு தகவலே இல்லை. ஒருவனுக்குக் கம்மி என்றால் முப்பது, இன்னொருவனுக்கு இருநூறு. ஒவ்வொரு சண்டை முடிந்ததும் நான் "கணக்கு" என்பேன். வரிசையாக எண் மட்டும் வரவேண்டும்: "அறுபது", "பன்னிரண்டு", "நூற்றி நாற்பது", "காலி". ஐந்து விநாடிகூட ஆகாது. இதை ஏன் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்றால், "புல்லட் இல்லை, புல்லட் இல்லை" என்று மைக்கில் கத்துபவனிடம் எப்போதும் இரண்டு மேகசின் இருக்கும். உண்மையில் காலியானவன் பத்து நிமிடமாக ஒன்றுமே பேசாமல் கோடாரியோடு திரிந்துகொண்டிருப்பான்.

யார் எடுப்பது? குறைவாக வைத்திருப்பவர் முதலில். எளிதாகத் தெரியும், ஆனால் பெட்டியைக் கண்டதும் பந்திக்கு முந்துவதைப்போல ஓடுகிறவர்களை அடக்கச் சில வாரங்கள் ஆகும். இதிலும் ஒரு விலக்கு வைத்திருக்கிறோம். அடுத்து ஒரு குறுகலான வழியைப் பிடித்து நிற்கப் போகிறோம் என்றால், வாசலில் நிற்பவர் துப்பாக்கிக்குத்தான் முதல் பங்கு, அவரிடம் ஏற்கெனவே எத்தனை இருந்தாலும் சரி. எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தெரியும். ஆனால் பின்னால் நிற்பவனிடம் முழு மேகசின் தூங்க, முன்னால் நிற்பவன் காலியாவதில் எனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

துப்பாக்கி தேர்வு செய்யும்போதே பாதிக் கணக்கு முடிந்துவிடுகிறது. பேக் 4 பிளட்டில் புல்லட் வகை வகையாகக் கிடக்கும். நாலு பேரும் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டால் ஒரே வகைக்கு நாலு பேர் அடித்துக்கொள்வோம், ஷாட்கன் ஷெல் சீந்துவாரின்றிக் கிடக்கும். அங்கே ஆளுக்கொரு வகையாகப் பிரிந்துகொள்ளுங்கள். டேஇசட் என்ற விளையாட்டில் நான் தலைகீழாகச் செய்வேன். அங்கே தேடி அலைந்தால்தான் நாலு தோட்டா கிடைக்கும். ஏகேஎம், எஸ்கேஎஸ் துப்பாக்கிகள் இரண்டுக்கும் ஒரே 7.62×39 தோட்டாதான். இருவர் இந்த ஜோடியை வைத்திருந்தால் யார் கண்டெடுத்தாலும் இருவருக்கும் ஆகும்.

ரீலோட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லெஃப்ட் 4 டெட் 2-இல் ரைஃபிளை ரீலோட் செய்யத் தொடங்கியதும் மேகசினில் மிச்சமிருந்தது கையிருப்புக்குப் போய், எண் பூஜ்யமாகிவிடும். பாதியில் எவனாவது மேலே பாய்ந்தால் காலித் துப்பாக்கியோடு கிடப்பீர்கள். நாலு பேரும் ஒரே கூட்டத்தைச் சுடத் தொடங்கினால் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காலியாகும். திடீரென்று வெடிச்சத்தம் நின்று, கிளிக், கிளிக் என்று மேகசின் மாற்றும் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இரண்டு விநாடியில்தான் நாங்கள் அதிகம் செத்திருக்கிறோம். அதனால் "ரீலோட்" என்று ஒருவர் சொன்னால் பக்கத்திலிருப்பவர் செய்யக்கூடாது. கைத்துப்பாக்கிக்கு இந்த விளையாட்டில் தோட்டா தீராது, மாற்றிக்கொண்டு சமாளிக்கலாம்.

அதே விளையாட்டில் தரையில் குவிந்திருக்கும் புல்லட் குவியலும் தீராது. அதன் பக்கத்தில் நிற்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம், எல்லோரும் நிரப்பிக்கொண்டுதான் நகர வேண்டும். தீப்பிடிக்கும் தோட்டாப் பெட்டி வேறு கதை. அது மருந்துப் பெட்டி வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விரித்தால் ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் எடுக்கலாம், அதுவும் ஒரு மேகசின் அளவு. எம்16-காரனுக்கு ஐம்பது கிடைக்கும், ஆட்டோ ஷாட்கன்காரனுக்குப் பத்துதான். நாலு பேரும் ஒன்றாக நிற்கும்போது, பெரிய சண்டைக்குச் சற்று முன்னால் விரியுங்கள். முடிந்தால் எடுப்பதற்கு முன் கையிலிருப்பதை ரைஃபிளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கால் ஆஃப் டியூட்டியின் ஜாம்பி ஆட்டத்தில் மேக்ஸ் அம்மோ என்ற புல்லட் பரிசு விழுந்தால் எங்கள் கூட்டத்தில் ஒரே கூச்சல்தான்: "தொடாதே!" பழைய ஆட்டங்களில் அது கையிருப்பை மட்டும்தான் நிரப்பும், துப்பாக்கிக்குள் இருக்கும் மேகசினை நிரப்பாது. ஆகவே எல்லோரும் முதலில் ரீலோட் செய்ய வேண்டும், அப்புறம் ஒருவர் எடுக்க வேண்டும். ஒருவர் எடுத்தாலே மொத்த டீமுக்கும் நிரம்பிவிடும். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் பொறுமையாக விவாதம் நடத்த முடியாது. பிளாக் ஆப்ஸ் 4 முதல் மேகசினும் சேர்ந்தே நிரம்புகிறது, அதில் இந்தச் சடங்கு வேண்டாம். பழைய ஆட்டங்களின் முதல் சில சுற்றுகளில் கத்தியை நம்புங்கள். உடம்பில் சுட்டுக் கொன்றால் 60 புள்ளி, கத்தியால் முடித்தால் 130. புல்லட்டும் மிச்சம்.

கில்லிங் ஃப்ளோர் 2-இல் புல்லட்டைக் காட்டிலும் காசுதான் பங்கு போட வேண்டியது. எதிரிகள் அலை அலையாக வருவார்கள். போன அலையில் செத்தவன் அடுத்த அலைக்குக் கிட்டத்தட்ட வெறுங்கையோடு வருவான், அவன் காலடியில் கொஞ்சம் காசை எறியுங்கள். கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், வெட்கப்படுவான். சப்போர்ட் வகையைத் தேர்ந்தவரிடம் ஒவ்வோர் அலையிலும் ஒரு முறை புல்லட் பெற்றுக்கொள்ளலாம். துப்பாக்கி நிரம்பியிருக்கும்போதே போய் வாங்கி அதை வீணாக்காதீர்கள், பாதி தீர்ந்த பிறகு போங்கள்.

செவன் டேஸ் டு டையில் தோட்டாவை நாமே செய்யலாம். வெடிமருந்துக்கு நைட்ரேட்டும் நிலக்கரியும், முனைக்கு ஈயம், உறைக்குப் பித்தளை. ஒருவன் சுரங்கத்தில் இறங்கினால் மற்றவர்கள் அவனுக்குக் காவல். செய்ததெல்லாம் ஒரே பொதுப் பெட்டிக்குள். ஜாம்பிக் கூட்டம் பாய்ந்து வரும் ஏழாவது நாள் இரவுக்கு அதிலிருந்து பிரித்துக்கொள்வோம், மற்ற நாட்களில் அம்புதான்.

அப்புறம் ப்ராஜெக்ட் ஜோம்பாய்ட். ஒரு ஜாம்பியைச் சுட்டால் அந்தச் சத்தத்துக்கு இன்னும் பல வரும். அங்கே "சுடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

ஷெல்லைச் சுமந்துகொண்டே செத்த அந்த நண்பன் இப்போது திருந்திவிட்டான். தரையில் எது கிடந்தாலும் "இது யாருக்கு?" என்று கேட்காமல் தொடுவதில்லை. சில நேரம் மருந்துப் பெட்டியைப் பார்த்தும் அப்படிக் கேட்டுத் தொலைக்கிறான். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை, மூன்று பேரும் ஓடுகிறோம்.