பிற்காப்பு இல்லத்தில் உடன் தங்கும் ஆற்றுப்படுத்துநருக்கு

குற்ற வழக்கில் சிக்கிய சிறாரை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலோ, தீர்ப்புக்குப் பின் வைத்திருக்கும் சிறப்பு இல்லத்திலோ இருந்துவிட்டு 18 வயது நிறைந்து வெளியேறும் இளைஞர்களில், போக வீடில்லாதவர்களும் வீடிருந்தும் திரும்ப முடியாதவர்களும் உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவின்படி இத்தகையோருக்குப் பிற்காப்பு உதவி, அதாவது வெளியேறிய பின் சொந்தக் காலில் நிற்கும் வரையிலான ஆதரவு, வழங்கலாம். 21 வயது வரையிலும், விதிவிலக்கான நிலையில் 23 வரையிலும் இது நீளும். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் குழு இல்லங்களையும், அவர்களோடு தொடர்பில் இருந்து ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரையும் 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள் குறிப்பிடுகின்றன. அப்படியோர் இல்லத்தில் தங்கிப் பணியாற்ற வருபவருக்காக எழுதப்பட்டது இது.

இளைஞர் வாசலில் வந்து நிற்கும் நாளுக்கு முன்பே உங்கள் வேலை தொடங்கிவிட வேண்டும். வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் சிறாரைக் கண்காணித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்திடம் பிற்காப்புத் திட்டத்தை அளிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் காலத்திலேயே ஒருமுறையாவது நேரில் சென்று அந்த இளைஞரைப் பாருங்கள். கோப்பைப் படிக்கும்போது குற்றப் பிரிவுகளை விட, இத்தனை காலத்தில் அவரைப் பார்க்க வந்தவர்கள் யார், எப்போதிலிருந்து வருவதை நிறுத்தினார்கள் என்பதையே கவனியுங்கள். வழக்கைப் பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள். நீங்களாகத் துருவ வேண்டாம்.

மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உண்டு, வரிசையில் நின்று குளித்துப் பழகியவருக்கு வெளியே வந்ததும் பெரும் இடராக இருப்பது, எதையும் தாமாக முடிவு செய்யும் பழக்கம் விட்டுப்போயிருப்பதுதான். முதல் வாரத்தில், "சார், தண்ணி குடிச்சுக்கட்டுமா?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்பார். அதைப் பணிவு என்று எண்ணி மகிழ்ந்துவிடாதீர்கள். "எடுத்துக் குடிப்பா, இதுக்கெல்லாம் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். முடிவுகளை ஒவ்வொன்றாக அவர் கைக்குத் திருப்பித் தருவதே இப்பணியின் சாரம்: முதலில் எழும் நேரம், பிறகு காலை உணவு, பிறகு வாரச் செலவு, அதன் பின் வேலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்தால் திணறிப்போவார். ஆறு மாதம் கடந்தும் எல்லாவற்றையும் நீங்களே வைத்திருந்தால், நடப்பது இன்னொரு சிறப்பு இல்லம்.

முதல் மாதத்தின் பெரும்பகுதியை ஆவணங்களே விழுங்கும். ஆதாரில் பதிவான கைபேசி எண் பெரும்பாலும் எப்போதோ தொலைந்துபோனதாகவோ உறவினர் ஒருவருடையதாகவோ இருக்கும்; ஓடிபி வராமல் வங்கிக் கணக்கு முதல் பயிற்சிச் சேர்க்கை வரை எல்லாம் நின்றுவிடும். ஆகவே ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுவதே முதல் வேலை. குழந்தைகள் பாதுகாப்புக்கான ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கும் அவர் பெயரிலேயே கணக்கு வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு அலையும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மனு எழுதுவதும் வரிசையில் பொறுத்திருப்பதும் அங்கேதான் பழகும். பத்தாம் வகுப்பை முடிக்காதவர் தனித்தேர்வராக எழுதலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

பகலை விட மாலைதான் கடினம். ஏழு மணிக்கு மேல், "மச்சான், வெளிய வந்துட்டியாமே?" என்று பழைய கூட்டாளியிடமிருந்து அழைப்பு வரும், முதல் சம்பள நாளில் அது நிச்சயம் வரும். கைபேசியைப் பறித்து வைப்பதில் பயனில்லை. அந்த நேரத்தில் நீங்கள் இல்லத்தில் இருப்பதும், சேர்ந்து சமைப்பதும், சம்பளத்தில் ஒரு பகுதியை அன்றே சேமிப்பில் போடச் செய்வதும் பயன் தரும். இல்லத்தில் ஏதேனும் காணாமல் போனால் எல்லாக் கண்களும் திருட்டு வழக்கில் இருந்தவர் மீதே திரும்பும். அப்போது எவர் பையையும் தனித்துச் சோதிக்காதீர்கள், பிறரைச் சோதிக்க விடவும் செய்யாதீர்கள்.

ஒன்றை முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: 18 வயதுக்குப் பின் செய்யும் செயலுக்காக வரும் எந்த வழக்கும் குழுமத்துக்குப் போகாது, பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கே போகும். உள்ளே கண்டிப்போடு முடிந்த அடிதடி, வெளியே முதல் தகவல் அறிக்கையாகிவிடும். அக்கம்பக்கத்தில் திருட்டு நடந்து காவலர் விசாரிக்க வந்தால், இளைஞரைத் தனியே அனுப்பாமல் உடன் செல்லுங்கள். எந்த நிலையம், எந்த அலுவலர், எத்தனை மணி என்று குறித்துக்கொண்டு மாவட்டத்தில் இப்பணிகளைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தெரிவியுங்கள்.

பழைய வழக்கைப் பற்றி வேலை தருபவரிடமோ வீட்டு உரிமையாளரிடமோ நீங்கள் வாய் திறக்கலாகாது. சிறார் பருவத்து வழக்கில் தொடர்புடையவரின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவதைச் சட்டத்தின் 74ஆவது பிரிவு தடைசெய்கிறது. அத்தகைய வழக்கின் தீர்ப்பால் பின்னாளில் தகுதியிழப்பு எதுவும் வராது என்கிறது 24ஆவது பிரிவு. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்பதால், வேலை விண்ணப்பத்தை நிரப்பும் முன் இவர் எந்த வகையில் வருகிறார் என்று நன்னடத்தை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லத்தை விட்டு அவர் வாடகை அறைக்குப் போன பிறகு, முன்பணம், மின்கட்டணம், உடல்நலக் குறைவு என்று சில மாதங்களுக்கு அழைப்புகள் வரும், எடுங்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்கு மட்டும், அவரே அழைக்காத வரையில், போகாதீர்கள், "யார் இவர்?" என்று உடன் வேலை செய்பவர் கேட்டால் அதற்கு அவர் ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.