மண்டையில் ஏறவில்லை என்றால் அது சோம்பல் இல்லை

இரவு பதினோரு மணி. நீட்டுக்குப் படிக்கும் என் அக்கா மகள், நெஃப்ரான் (சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்பகுதி) பாடத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் முழுக்க மஞ்சள் கோடு. புத்தகத்தை மூடிவிட்டு, "ரத்தம் எங்கே வடிகட்டப்படுது?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. "எனக்குப் படிக்கிற அக்கறையே இல்ல சித்தி" என்று அழுதுவிட்டாள்.

அக்கறைக்குக் குறைவே இல்லை. விடிகாலையிலிருந்து பள்ளி, டியூஷன், டெஸ்ட் என்று ஓடிக் களைத்துப்போயிருந்தாள். அந்தக் களைப்பைச் சோம்பல் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வதுதான் முதல் தவறு. வீட்டுப் பெரியவர்களும் இதையேதான் செய்கிறோம்.

டென்மார்க் அரசுப் பள்ளிகளில் நடந்த சுமார் 20 லட்சம் தேர்வுகளை அலசி, 2016இல் ஓர் ஆய்வு வந்தது. எந்த நேரத்தில் தேர்வு என்பதை மாணவர்கள் முடிவு செய்யவில்லை. பள்ளியில் கம்ப்யூட்டர் எப்போது கிடைக்கிறதோ அப்போது எழுதினார்கள். பொழுது ஏற ஏற மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. 20, 30 நிமிட இடைவேளைக்குப் பிறகு எழுதியவர்களுக்கு அது ஏறியது. ஒரு மணி நேரத்தில் இறங்கியதைவிட அந்த இடைவேளையில் ஏறியது அதிகம். இறக்கமும் ஏற்றமும் சிறியவைதான். ஆனால் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளிடம் இரண்டுமே கூடுதலாகத் தெரிந்தன. "நீதான் குறைவா மார்க் வாங்குற, உனக்கு எதுக்கு ரெஸ்ட்" என்று அவர்களைத்தானே முதலில் உட்காரவைக்கிறோம்!

களைத்த நேரத்தில் செய்கிற அடுத்த தவறு, படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பது. அது சுலபமாக இருக்கும், தெரிந்த மாதிரியும் இருக்கும். 2006இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். எழுதிப் பார்ப்பது கஷ்டமான வேலை. அதனால் அதைத் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரவில் நோட்டை அடுக்கலாம், நாளைக்கு என்ன படிப்பது என்று எழுதி வைக்கலாம்.

அப்புறம் ஃபோன். மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தொடவே கூடாது என்று மனசோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. மன உறுதி என்பது செலவு செய்தால் தீர்ந்துபோகிற சரக்கு என்று 1998இல் ஓர் ஆய்வு சொல்லிப் பெரிதாகப் பேசப்பட்டது. 2016இல் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து சோதித்தபோது அப்படி எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சரி, தீர்கிறதோ இல்லையோ, ஃபோன் அடுத்த அறையில் இருந்தால் மல்லுக்கட்டவே வேண்டியதில்லை. இடைவேளையிலும் ரீல்ஸ் வேண்டாம். மொட்டை மாடியில் நாலு நடை நடந்துவிட்டு வரலாம்.

நீட் எழுதுபவர்களுக்கு இன்னொன்று: தேர்வு மதியம் 2 மணிக்கு. மாடல் டெஸ்டை எப்போதும் காலையிலேயே எழுதிப் பழகாதீர்கள். சாப்பிட்டதும் கண் சொக்குகிற அந்த நேரத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அவளைத் தூங்க அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை, வெறும் தாளில் நெஃப்ரானை வரைந்து கொண்டுவந்து காட்டினாள். ரத்தம் வடிகட்டப்படும் கிளாமருலஸ் சரியான இடத்தில் இருந்தது. ஹென்லே வளைவு என்ற பகுதியை விட்டிருந்தாள். புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு பத்தியை மட்டும் படித்தாள்.