ரிப்ளை போட்டால் திரும்பி வருகிறதா?

வந்த மெயிலுக்கு ரிப்ளை போட்டதும் அது திரும்பி வந்தால், அனுப்பியவரின் ரிப்ளை-டு முகவரியை, அதாவது பதில் வருவதற்கென்று அவர் தன் மெயில் செட்டிங்ஸில் தனியாகக் கொடுத்திருக்கும் முகவரியைச் சந்தேகப்படுங்கள். அப்படி ஒன்று இருந்தால் பதில் அங்கேதான் போகும். மேலே தெரியும் அனுப்புநர் முகவரிக்குப் போகாது.

திரும்பிய மெயிலில் பிழை எண் 5.1.3 என்று இருந்தால் முகவரியின் அமைப்பே தப்பு. 5.1.1 என்றால் அப்படியொரு மெயில் பெட்டி இல்லை. 'டு' கட்டத்தில் இருப்பதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எனக்கு வந்த ஒன்றில் @ குறிக்கு முன்னால் ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணில் படவே நேரமாயிற்று. அதை அழித்துவிட்டு அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது.

அதோடு விடாமல் அவருக்கு ஒரு போன் செய்து, செட்டிங்ஸில் அந்த ரிப்ளை-டு முகவரியைத் திருத்தச் சொல்லுங்கள். வேலைக்கு விண்ணப்பித்தவராக இருந்தால், பதிலே வரவில்லையே என்று பாவம், காத்துக்கொண்டிருப்பார்.